தானா பாரு: ஒரு மையவாடியின் வரலாறும் நமக்குள்ள படிப்பினையும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

ஆண்டறிக்கையின் வரவு செலவுப் பக்கங்களைப் புரட்டும்போது, மையவாடி என்னும் தலைப்பின்கீழ் வரும் செலவினங்கள் மிகச் சிலவாகவே இருக்கும். புதர் வெட்டிய கூலி, சுற்றுச்சுவர் பழுது, விளக்குக் கம்பம் என்று நான்கைந்து வரிகளில் அது முடிந்துவிடும். பள்ளிவாசலைப் பற்றியும் மத்ரஸாவைப் பற்றியும் மணிக்கணக்கில் ஆலோசிக்கும் நாம், நம் அனைவருக்கும் இறுதி இருப்பிடமாகிய அந்த நிலத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அது எப்போதும் அங்கேயே இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கை எல்லாக் காலத்திலும் பலிப்பதில்லை என்பதற்கு, ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்கோடியில் வாழ்ந்த ஒரு முஸ்லிம் சமுதாயத்தின் வரலாறு சான்று கூறுகிறது.

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில், சிக்னல் ஹில் என்னும் குன்றின் சரிவில், போ-காப் என்றொரு பழைய முஸ்லிம் குடியிருப்பு உள்ளது. அதன் மேற்புறத்தில் ‘தானா பாரு’ என்னும் மையவாடி இருக்கிறது. மலாய் மொழியில் இப்பெயருக்குப் ‘புதிய நிலம்’ என்பது பொருள். 1805ஆம் ஆண்டில் நகர மன்றத்தால் வழங்கப்பட்ட அந்நிலம், 1886ஆம் ஆண்டில் சட்டத்தால் மூடப்பட்டது. இடைப்பட்ட 81 ஆண்டுகளில் நடந்தவையும், மூடப்பட்ட பின்னர் நடந்தவையும் நம்மைப் போன்ற ஒவ்வொரு ஜமாஅத்தும் அறிந்திருக்க வேண்டியவை.

விலங்குகளோடு வந்தவர்கள்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652ஆம் ஆண்டில் கேப் முனையில் ஒரு குடியேற்றத்தை நிறுவியது. அங்கு வேலை செய்வதற்காக அடிமைகள் கப்பல்களில் கொண்டுவரப்பட்டார்கள். இந்தோனேசியத் தீவுகளிலிருந்து மட்டுமின்றி வங்காளம், மலபார், நமது சோழமண்டலக் கரை, இலங்கை ஆகிய இடங்களிலிருந்தும் மனிதர்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்களுடைய சொந்தப் பெயர்கள் அழிக்கப்பட்டு, வந்த ஊரே பெயரின் பின்னொட்டாக ஆக்கப்பட்டது. ‘வங்காளத்து’ என்றும், ‘சிலோனைச் சேர்ந்த’ என்றும் முடியும் பெயர்கள் கேப் ஆவணங்களில் ஏராளமாகக் காணப்படுகின்றன.

டச்சுக்காரரை எதிர்த்த ஆலிம்களும் அரச குடும்பத்தினரும் நாடுகடத்தப்பட்டவர்களாக அங்கு அனுப்பப்பட்டார்கள். மக்காசரைச் சேர்ந்த ஷெய்கு யூசுப் (ரஹ்) அவர்கள் முதலில் 1684ஆம் ஆண்டில் இலங்கைக்கும், பின்னர் 1694ஆம் ஆண்டில் கேப் முனைக்கும் அனுப்பப்பட்டு, 1699ஆம் ஆண்டில் அங்கேயே வஃபாத்தானார்கள்.

கம்பெனியின் சட்டம், இஸ்லாமிய வணக்கத்தைப் பகிரங்கமாக நிறைவேற்றுவதைத் தடை செய்திருந்தது. எனினும் வீடுகளின் பின்கட்டுகளில் தொழுகையும் ஓதுதலும் தொடர்ந்தன. அவர்களிற் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றியவர்கள். நம் கடலோர ஊர்கள் பலவும் அதே மத்ஹபைச் சார்ந்தவையே. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் வளர்த்ததைப் போன்று, அவர்கள் தாம் பேசிய ஆப்பிரிக்கான்ஸ் மொழியை அரபு எழுத்தில் எழுதி மார்க்க நூல்களை இயற்றினார்கள். கடல் கடந்த தூரத்தில் இருந்தாலும் அவர்கள் நமக்கு அந்நியரல்லர்.

வீடு பள்ளிவாசலானது

1780ஆம் ஆண்டில் திதோர் தீவின் இளவரசரும் ஆலிமுமான அப்துல்லாஹ் இப்னு காளீ அப்துஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள் கேப் முனைக்குக் கொண்டுவரப்பட்டு, ராபன் தீவில் சிறைவைக்கப்பட்டார்கள். பிற்காலத்தில் நெல்சன் மண்டேலா அடைக்கப்பட்டிருந்ததும் அதே தீவில்தான். மக்கள் அவர்களைத் ‘துவான் குரு’ என்று மரியாதையுடன் அழைத்தார்கள். சிறையில் இருந்தபடியே தம் நினைவிலிருந்து திருக்குர்ஆனைக் கைப்பட எழுதிய பெருமகனார் அவர்கள். விடுதலைக்குப் பின்னர் 1793ஆம் ஆண்டில் ஒரு மத்ரஸாவைத் தொடங்கினார்கள்.

1794ஆம் ஆண்டில், கொரிடோன் வான் சிலோன் என்னும் விடுதலை பெற்ற அடிமை டார்ப் வீதியில் ஒரு சொத்தை விலைக்கு வாங்கினார். அவர் இலங்கையிலிருந்து வந்தவர் என்பதைப் பெயரே சொல்லும். அந்த இடத்தில்தான் ‘அவ்வல் பள்ளிவாசல்’ என்று இன்றும் வழங்கும் தென்னாப்பிரிக்காவின் முதல் பள்ளிவாசல் உருவாயிற்று. அவருக்குப் பின் அவர் குடும்பத்துப் பெண்மணி சார்ட்ஜி அம்மையார் அச்சொத்தைப் பள்ளிவாசலின் உபயோகத்திற்கென்றே காத்து வந்தார்கள். பகிரங்க வணக்கத்துக்கு அனுமதி இல்லாத ஊரில், ஒரு தனிமனிதரின் கிரயப் பத்திரமே பள்ளிவாசலுக்கு அரணாக நின்றது என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

மன்றம் வழங்கிய நிலம்

1803ஆம் ஆண்டில் கேப் முனை டச்சு நாட்டின் புதிய படேவியக் குடியரசின் ஆட்சிக்கு வந்தது. அதன் ஆணையர் டி மிஸ்ட் 1804ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வெளியிட்ட ஆணை, எல்லாச் சமயத்தாருக்கும் வணக்க உரிமையை வழங்கியது. அதற்கடுத்த 1805ஆம் ஆண்டில் நகர மன்றம் முஸ்லிம்களுக்கு அடக்கத்தலத்திற்கான நிலத்தை அளித்தது. கேப் முஸ்லிம்களுக்கு அரசு முறைப்படி கிடைத்த முதல் மையவாடி அதுவேயாகும்.

இந்த அனுமதி கருணையால் மட்டும் வந்ததன்று. ஆங்கிலேயர் எந்நேரமும் படையெடுக்கலாம் என்ற அச்சம் அப்போது நிலவியது. முஸ்லிம்களைக் கொண்ட ஒரு பீரங்கிப் படைப்பிரிவை ஆட்சியாளர்கள் அமைத்திருந்தார்கள். அப்படைப்பிரிவு 1806ஆம் ஆண்டு ஜனவரியில் பிளாவ்பெர்க் போரில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டது. சமுதாயத்தின் தேவையும் ஆட்சியின் தேவையும் ஒன்றையொன்று சந்தித்த வேளையில் நிலம் கிடைத்தது என்பதே உண்மை. கொடுத்தவர்களின் தேவை மாறினால் கொடுத்ததும் மாறக்கூடும் என்பதை அன்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

1807ஆம் ஆண்டில் வஃபாத்தான துவான் குரு (ரஹ்) அவர்கள் அந்தப் புதிய நிலத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். காலப்போக்கில் அருகிலிருந்த வேறு துண்டு நிலங்களும் அதனுடன் சேர்ந்தன. தானா பாரு, கேப் முஸ்லிம்களின் உஸ்தாதுமார்களும் பெற்றோரும் பிள்ளைகளும் உறங்கும் இடமாயிற்று.

அம்மை நோயும் நகரின் அச்சமும்

1840ஆம் ஆண்டில் கேப்டவுன் நகராட்சி அமைக்கப்பட்டது. ஊர் பெருகப் பெருக, ஒரு காலத்தில் ஊரின் விளிம்பில் இருந்த அடக்கத்தலங்கள் வீடுகளுக்கு அருகில் வந்துவிட்டன. முஸ்லிம்களின் மையவாடி மட்டுமல்ல, சாமர்செட் வீதியை ஒட்டியிருந்த கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களும் அதே நிலையில் இருந்தன.

அந்நகரைப் பெரியம்மை பலமுறை தாக்கியிருந்தது. 1840இலும் 1858இலும் பரவிய அந்நோய் 1882ஆம் ஆண்டில் மீண்டும் வந்தது. அம்மை குத்திக்கொள்வதிலும், நோயாளிகளை வீட்டிலிருந்து பிரித்து மருத்துவமனைக்கு அனுப்புவதிலும் முஸ்லிம்களில் பலர் தயக்கம் காட்டினார்கள். தங்கள் மய்யித்தைத் தாங்களே குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்கம் செய்ய இயலாமற் போகுமோ என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. நோய்க்கு முஸ்லிம்களே காரணம் என்று பழி கூறுவோரும் பெருகினார்கள்.

நகராட்சி அரசியலும் அப்போது இரண்டாகப் பிரிந்து நின்றது. வரியை உயர்த்தியேனும் கழிவுநீர், குடிநீர் வசதிகளைச் செய்ய வேண்டும் என்றவர்கள் ‘சுத்தக் கட்சி’ எனத் தம்மை அழைத்துக்கொண்டார்கள். வரி உயர்வை எதிர்த்த வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு ‘அழுக்குக் கட்சி’ என்ற பட்டம் சூட்டப்பட்டது. முஸ்லிம் வாக்காளர்களிற் பலர் இரண்டாவது அணியோடு நின்றமையால், சுகாதாரத்தைப் பேசியவர்கள் அவர்களை எதிரணியினராகவே கருதினார்கள்.

இங்கே நாம் நியாயத்தை மறைத்தல் கூடாது. குடியிருப்புகளுக்கு நடுவே நெருக்கமாகிவிட்ட அடக்கத்தலங்களைப் பற்றி அண்டை வீட்டார் கவலைப்பட்டது முற்றிலும் பொய்யான கவலையன்று. ஒரு நகர மன்றத்துக்கு மக்களின் உடல்நலத்தைக் காக்கும் கடமை உண்டு. ஆனால், அக்கடமையை நிறைவேற்றும்போது யாருடைய சுமை எவ்வளவு கூடுகிறது என்று கேட்டறிவதும் அதே மன்றத்தின் கடமையே. கேப்டவுனில் அந்த இரண்டாவது கடமை நிறைவேறவில்லை.

ஒரே சட்டம், வெவ்வேறு சுமை

1883ஆம் ஆண்டில் கேப் நாடாளுமன்றம் பொதுச் சுகாதாரச் சட்டத்தை இயற்றியது. நகர எல்லைக்குள் இருந்த அடக்கத்தலங்களை மூடுவதற்கு அச்சட்டம் வழிவகுத்தது. அவற்றுக்கு மாற்றாக, நகரிலிருந்து பல மைல் தொலைவில் மெய்ட்லண்ட் என்னுமிடத்தில் பொதுக் கல்லறைத் தோட்டம் ஏற்படுத்தப்பட்டது. அங்கே செல்ல இரயில் வசதியும் இருந்தது.

சட்டத்தின் எழுத்தில் பாகுபாடு எதுவும் இல்லை. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் அது பொதுவானதே. டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர்களும் தங்கள் கல்லறைகள் மூடப்படுவதை எதிர்த்தார்கள். ஆயினும் முஸ்லிம்களின் நிலை வேறாக இருந்தது. ஜனாஸாவைச் சந்தூக்கில் வைத்து, தோள் மாற்றித் தோள் மாற்றிக் கால்நடையாகச் சுமந்து செல்வதே அவர்களுடைய வழக்கம். வண்டியிலோ இரயிலிலோ ஏற்றிச் செல்வதை அவர்கள் விரும்பவில்லை. ஜனாஸாவைத் தாமதமின்றி அடக்கம் செய்வதும் மார்க்கத்தின் வழிகாட்டல். அன்றாடக் கூலியில் வாழ்ந்த தையற்காரர்களும் கொத்தனார்களும் மீனவர்களும் ஒவ்வொரு மௌத்துக்கும் பல மைல் நடந்து சென்று திரும்புவது எளிதா? மெய்ட்லண்ட் என்பது ஒரு பணக்காரக் குடும்பத்துக்கு வெறும் தொலைவு. ஏழை முஸ்லிமுக்கோ அது தன் கடமையை நிறைவேற்ற இயலாத தடை.

முஸ்லிம்கள் சும்மா இருக்கவில்லை. மனுக்கள் எழுதினார்கள், அதிகாரிகளிடம் தூது சென்றார்கள். வாடகைக் குதிரைவண்டி ஓட்டும் தொழிலைச் செய்தவரும், ஆங்கிலம் நன்கு அறிந்தவருமான அப்துல் பர்ன்ஸ் என்பவர் அவர்களுடைய சார்பில் முன்னின்று பேசினார். நகருக்கு அருகில், சுமந்து செல்லக்கூடிய தூரத்தில் மாற்று நிலம் வேண்டும் என்பதே அவர்களுடைய கோரிக்கையின் சாரம். பேச்சுகள் நீண்டனவேயன்றி, மூடும் நாளுக்கு முன்னர் ஏற்கத்தக்க முடிவு பிறக்கவில்லை.

1886 ஜனவரி 17

1886ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் நகரத்து அடக்கத்தலங்கள் மூடப்பட்டன. இரண்டே நாட்களில், ஜனவரி 17 ஞாயிற்றுக்கிழமையன்று, ஒரு முஸ்லிம் குழந்தையின் ஜனாஸா புறப்பட்டது. சுமார் 3,000 பேர் அதனுடன் தானா பாருவை நோக்கி நடந்தார்கள். சட்டம் தடுத்த நிலத்தில், அந்தக் குழந்தையை அவர்கள் நல்லடக்கம் செய்தார்கள்.

பாதுகாப்புக்கு நின்ற காவலர்கள் மிகச் சிலரே. கூட்டத்திலிருந்து அவர்கள்மீது கற்கள் வீசப்பட்டன. நகரில் பதற்றம் பரவி, தொண்டர் படைகளும் அழைக்கப்பட்டன. அப்துல் பர்ன்ஸ் உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டு வழக்கு விசாரணைக்கு ஆளானார்கள். வரலாற்று நூல்களில் இது ‘கல்லறைக் கலவரம்’ என்னும் பெயரால் குறிக்கப்படுகிறது.

அந்த 3,000 பேரின் உள்ளத்து வேதனையை நாம் உணர்கிறோம். தந்தையும் பாட்டனும் உறங்கும் இடத்தில் தன் பிள்ளையை அடக்க ஒருவன் விரும்புவதில் குற்றமென்ன? எனினும், காவலர்மீது கல்லெறிந்ததை நாம் சரி என்று கூறமாட்டோம். அது மார்க்கம் கற்பிக்கும் பொறுமைக்கும் உகந்ததன்று. அவர்களுடைய நியாயத்துக்கும் அது வலுச் சேர்க்கவில்லை. மூடிய ஆணை திரும்பப் பெறப்படவில்லை. தானா பாருவில் புதிய கபுருகள் தோண்டப்படும் காலம் முடிவுக்கு வந்தது. பின்னர் மெய்ட்லண்டை விட நகருக்கு அருகில், மோப்ரே பக்கமாக முஸ்லிம்களுக்கென்று மையவாடி அமைந்தது. முன்னரே கூடிப் பேசி முடித்திருக்கக்கூடிய ஏற்பாடு, மனக்கசப்புக்கும் வழக்குகளுக்கும் பிறகே கைகூடிற்று.

அடைபட்ட இன்னொரு கதவு

முடிவெடுக்கும் இடத்தில் தம்மவர் ஒருவரும் இல்லை என்ற உண்மையை அந்நிகழ்ச்சி கேப் முஸ்லிம்களுக்கு உணர்த்தியது. கேப் நாடாளுமன்றத்துக்குக் கேப்டவுன் தொகுதியிலிருந்து நான்கு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஒரு வாக்காளர் தமக்குரிய நான்கு வாக்குகளையும் ஒரே வேட்பாளருக்கு அளிக்கலாம் என்ற முறை அங்கே இருந்தது. சிறுபான்மையினர் ஒற்றுமையாக நின்றால் ஓர் இடத்தையேனும் வெல்ல அது வாய்ப்பளித்தது.

துருக்கி சுல்தானால் அனுப்பப்பட்டுக் கேப் முனையில் மார்க்கப் பணியாற்றிய அபூபக்கர் எஃபெந்தி (ரஹ்) அவர்களின் மகனார் அஹ்மத் அதாவுல்லாஹ் எஃபெந்தி வேட்பாளராக நிற்க முன்வந்தார். 1893ஆம் ஆண்டில் அந்த வாக்களிப்பு முறையே சட்டத்தால் நீக்கப்பட்டது. 1894ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் நின்றும் வெற்றி பெற இயலவில்லை. அதற்கு முன்னரே, 1892ஆம் ஆண்டில் வாக்குரிமைக்கான சொத்துத் தகுதி 25 பவுனிலிருந்து 75 பவுனாக உயர்த்தப்பட்டு, ஏழைகள் பலர் வாக்காளர் பட்டியலுக்கு வெளியே தள்ளப்பட்டிருந்தார்கள். நிலத்தைப் பற்றிய தீர்மானம் நிலத்தில் மட்டும் எழுதப்படுவதில்லை; வாக்காளர் பட்டியலிலும் எழுதப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வீடுகள் போயின, பள்ளிகள் நின்றன

இருபதாம் நூற்றாண்டில் நிலத்தைப் பற்றிய தீர்மானங்கள் இன்னும் கொடுமையான வடிவம் எடுத்தன. 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம், எந்த இனத்தவர் எந்த வட்டாரத்தில் வாழலாம் என்பதை அரசே வரையறுக்க வழிசெய்தது. போ-காப் பகுதி மலாய் முஸ்லிம்களுக்குரியதென ஒதுக்கப்பட்டமையால் தப்பியது. நகரின் மறுபுறத்தில் இருந்த ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ என்னும் வட்டாரம் தப்பவில்லை. 1966ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் அது வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 60,000 மக்கள் தொலைவிலிருந்த மணற்பாங்கான சமவெளிக் குடியிருப்புகளுக்கு வெளியேற்றப்பட்டார்கள். வீடுகள் இயந்திரங்களால் இடித்துத் தள்ளப்பட்டன.

ஆனால் வணக்கத்தலங்கள் இடிக்கப்படவில்லை. சுற்றிலும் வெற்று நிலமாகிவிட்ட நடுவே பள்ளிவாசல்கள் தனித்து நின்றன. வெளியேற்றப்பட்ட மக்கள் வெள்ளிக்கிழமைகளில் தொலைதூரத்திலிருந்து பயணம் செய்து வந்து அங்கே ஜும்ஆ தொழுதார்கள். மஹல்லா கலைக்கப்பட்ட பின்னரும் ஜமாஅத் கலையவில்லை. அச்சட்டம் 1991ஆம் ஆண்டில் நீக்கப்பட்டபோது, அந்தப் பள்ளிவாசல்களே அம்மக்கள் அங்கே வாழ்ந்ததற்கு உயிருள்ள சாட்சிகளாய் நின்றன.

ஏடு காத்த நிலம்

மூடப்பட்ட தானா பாரு என்னவாயிற்று? அடக்கம் நின்றுபோன இடத்தில் மக்கள் வரவும் குறைந்தது. புதர் மண்டியது, கபுருகளின் அடையாளக் கற்கள் சிதைந்தன, வீடுகள் நாலாபுறமும் நெருங்கின. குன்றின் மேலிருந்து நகரையும் கடலையும் பார்த்திருக்கும் அந்நிலத்தின் விலை மட்டும் ஏறிக்கொண்டே சென்றது.

அதைக் காத்ததில் பெரும்பங்கு ஒரு வரலாற்று ஆய்வாளருடையது. போ-காப்பைச் சேர்ந்த அக்மத் டேவிட்ஸ் அவர்கள் பழைய நில ஆவணங்களையும் மன்றக் குறிப்புகளையும் உயில்களையும் தேடிப் படித்து, 1980ஆம் ஆண்டில் போ-காப்பின் பள்ளிவாசல்களைப் பற்றியும், 1985ஆம் ஆண்டில் தானா பாருவைப் பற்றியும் நூல்களை எழுதினார்கள். எந்தத் துண்டு நிலம் எந்த ஆண்டில் எவர் பெயரில் வந்தது, அங்கே உறங்குபவர்கள் யாவர் என்பன எழுத்தில் வந்த பிறகு, அதை வெறும் காலி நிலம் என்று எவரும் கூற இயலாமற் போயிற்று. நிலத்தைப் பராமரிக்க ஒரு அறக்கட்டளையும் அமைந்தது. துவான் குரு (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்தை இன்றும் மக்கள் ஸியாரத் செய்து வருகிறார்கள்.

1886ஆம் ஆண்டில் 3,000 பேரின் கால்களால் காக்க இயலாததை, நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் ஆவணங்களைத் தேடிய பொறுமை காத்துக் கொடுத்தது என்றால் அது மிகையன்று.

2019ஆம் ஆண்டுத் தீர்மானம்

போ-காப்பின் கவலை இன்னும் முடிந்துவிடவில்லை. நகரின் நடுவே அமைந்த அவ்வட்டாரத்தின் வண்ண வீடுகளைக் காண உலகெங்கிலுமிருந்து பயணிகள் வருகிறார்கள். நில விலை உயர, அதைத் தொடர்ந்து நகராட்சியின் சொத்து மதிப்பீடும் வரியும் உயர, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்களுக்குச் சுமை கூடிற்று. உயர்ந்த அடுக்குமாடிக் கட்டடங்களுக்கான திட்டங்களும் வந்தன. 2018ஆம் ஆண்டில் அப்பகுதி மக்கள் வீதிகளில் இறங்கிப் போராடினார்கள்.

அம்முறை போராட்டத்தோடு வேறொன்றும் இருந்தது. அவ்வட்டாரத்தைப் பாரம்பரியப் பாதுகாப்புப் பகுதியாக நகராட்சியின் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்தினர் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்தி வந்தார்கள். ஆட்சேபணைகளை எழுத்தில் கொடுத்தார்கள். கருத்துக் கேட்புகளில் கலந்துகொண்டார்கள். 2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கேப்டவுன் நகர மன்றம் அத்தீர்மானத்தை நிறைவேற்றியது. இதன்படி அவ்வட்டாரத்தில் கட்டுமானங்களும் மாற்றங்களும் பாரம்பரியக் கண்ணோட்டத்தில் கூடுதலாகப் பரிசீலிக்கப்பட்ட பின்னரே அனுமதி பெற முடியும். அதே ஆண்டில் போ-காப்பின் 19 இடங்கள் தேசியப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. தீர்மானம் வருவதற்குள் சில கட்டடங்கள் அனுமதி பெற்றுவிட்டன என்பது வருந்தத்தக்கது. எனினும் 1886இல் கேட்கப்படாத குரல், 2019இல் மன்றத்தின் ஏட்டில் பதிவாயிற்று.

நமக்குள்ள படிப்பினை

அன்பார்ந்த ஜமாஅத்தார்களே! தூரத்து ஊரின் கதையை இங்கே விரித்துரைத்ததற்குக் காரணம் உண்டு. நம் ஊர்களிலும் வயல்களும் தோப்புகளும் வீட்டுமனைகளாகி வருகின்றன. ஊருக்கு வெளியே இருந்த மையவாடிகள் ஊருக்கு நடுவே வந்துவிட்டன. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அங்கே ஒரு மையவாடி இருப்பது சங்கடமாகவும் தோன்றலாம். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகளுக்கான 1999ஆம் ஆண்டு விதிகள், குடியிருப்புக்கோ குடிநீர் ஆதாரத்துக்கோ 90 மீட்டருக்குள் புதிய அடக்கத்தலம் அமைவதைத் தடுக்கின்றன. இந்நிலையில், இருக்கும் மையவாடியை ஒருமுறை இழந்தால், சுமந்து செல்லும் தூரத்தில் இன்னொன்றைப் பெறுவது எத்துணை அரிது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

முதலாவதாக, ஆவணங்கள். மையவாடியின் பட்டா, புல வரைபடம், வக்ஃப் பதிவு, ஊராட்சியின் அல்லது நகராட்சியின் பழைய தீர்மானங்கள் ஆகியவற்றின் நகல்கள் ஒரே கோப்பில் இருத்தல் வேண்டும். முத்தவல்லி மாறும்போது அக்கோப்பும் முறைப்படி கைமாற வேண்டும். ‘எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே’ என்பது ஆவணமாகாது. தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக அந்த மண்ணுக்குள்ளேயே சென்றுவிடுகிறார்கள்.

இரண்டாவதாக, அறிவிப்புகள். உள்ளாட்சி மன்றங்களும் நகரமைப்புத் துறையும் வெளியிடும் வரைவுத் திட்டங்களுக்கு ஆட்சேபணை தெரிவிக்கக் காலக்கெடு உண்டு. அக்கெடுவுக்குள் எழுத்தில் கொடுக்கும் ஒரு மனுவுக்கு உள்ள மதிப்பு, கெடு முடிந்த பின்னர் கூடும் ஆயிரம் பேருக்குக் கிடைப்பதில்லை. அறிவிப்புகளைப் பார்த்துவருவதற்கென்று படித்த இளைஞர்கள் இருவரை ஒவ்வொரு ஜமாஅத்தும் நியமித்தல் நலம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதும், கிராம சபையிலும் வார்டுக் கூட்டத்திலும் கலந்துகொள்வதும் இப்பணியின் பகுதிகளே.

மூன்றாவதாக, அண்டை வீட்டார். மையவாடியைச் சுற்றி வாழ்வோர் எச்சமயத்தவராயினும் அவர்களுடைய கவலையை நாமே முன்சென்று கேட்க வேண்டும். சுற்றுச்சுவர், வடிகால், கபுருகளின் உரிய ஆழம், ஒழுங்கான வரிசை, தூய்மை ஆகியவற்றில் நாம் காட்டும் அக்கறை, பிறர் நம்மேல் மனுக் கொடுக்க வேண்டிய அவசியத்தையே நீக்கிவிடும். அண்டை வீட்டாரின் உரிமையை நம் மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதை நாம் யாருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அந்த உரிமை நம் வீட்டுச் சுவரோடு நின்றுவிடுவதன்று. நம் மையவாடியின் சுவருக்கும் அது உண்டு.

நான்காவதாக, வருங்காலம். இப்போதுள்ள நிலம் இன்னும் எத்தனை ஆண்டுகளுக்குப் போதும் என்று கணக்கிட்டு, தேவை வருமுன்னரே மாற்று நிலத்தைத் தேடும் ஜமாஅத்தே அறிவுடைய ஜமாஅத். நெருக்கடியில் தேடும் நிலம் கேப் முஸ்லிம்களுக்குக் காட்டப்பட்ட மெய்ட்லண்டைப் போலத் தூரமாகவே இருக்கும்.

தானா பாருவின் மண்ணில் உறங்குபவர்களிற் பலர் சொந்தப் பெயரையும் இழந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். உயிரோடிருந்தபோது தமக்கென்று ஒரு முழ நிலமும் இல்லாதிருந்த அவர்களுக்கு, மரணத்திற்குப் பின் கிடைத்த அந்த நிலமே முதற்சொத்தாக அமைந்தது. அதன் மதிப்பை உணர்ந்தமையாற்றான் அவர்களுடைய வழித்தோன்றல்கள் இரண்டு நூற்றாண்டுகளாக அதனை விட்டுக்கொடுக்கவில்லை. நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற நிலத்தையும் நாம் அவ்வாறே அமானிதமாகக் கருதிப் பேணுவோமாக.

நம் மையவாடியில் உறங்கும் அனைவருடைய கபுருகளையும், கேப் முனையில் உறங்கும் அந்தச் சகோதரர்களின் கபுருகளையும் வல்ல அல்லாஹ் ஒளியால் நிரப்புவானாக! நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைக் குறைவின்றி அடுத்த தலைமுறையிடம் சேர்ப்பிக்கும் ஆற்றலை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.